காயிலைக் கழற்றி ஏர் ஸ்பிரிங் போட்ட ஃபோர்க்: கோளாறு வாரியாகச் சரிசெய்யும் வழி

மவுண்டன் பைக்கின் முன்சக்கர ஃபோர்க்கில் காயிலை (சுருள் ஸ்பிரிங்கை) எடுத்துவிட்டு ஏர் ஸ்பிரிங் மாட்டிய பிறகு வரும் புகார்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான். வந்தவுடன் பலரும் சீல் போய்விட்டது என்று முடிவுகட்டி சீல் செட் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் நிறைய நேரம் சீல் நன்றாகத்தான் இருக்கும். காற்று இருக்கவேண்டிய அறையை விட்டு வேறு அறைக்குப் போயிருக்கும். அதனால் எந்தக் கோளாறானாலும் முதலில் கேட்கவேண்டியது: காற்று இப்போது எங்கே இருக்கிறது?

அது இருக்கக்கூடிய இடங்கள் மூன்று. பிஸ்டனுக்கு மேலே பாசிட்டிவ் அறை, ஆளைத் தாங்குவது இதுதான். பிஸ்டனுக்குக் கீழே நெகட்டிவ் அறை, ஃபோர்க் முதல் சில மில்லிமீட்டர் எளிதாக அமுங்க உதவுவது. மூன்றாவது, எண்ணெய் மட்டும் இருக்கவேண்டிய கீழ்க் கால்கள். அங்கே அழுத்தக் காற்று போய்ச் சேர்ந்தால் தொல்லை ஆரம்பம்.

## கையில் இருக்கவேண்டியவை

300 பிஎஸ்ஐ வரை காட்டும் ஷாக் பம்பு வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் தரைப் பம்பு உதவாது, ஒரே அடியில் அளவு தாண்டிவிடும். வால்வு கோர் கழற்றும் கருவி, சோப்புத் தண்ணீர், முனை மழுக்கிய மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டை, சர்க்ளிப் பிளையர், டார்க் ரெஞ்ச், ஸ்கேல், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி, சஸ்பென்ஷன் கிரீஸ், உங்கள் மாடலின் சர்வீஸ் கையேடு. டாப் கேப் அலுமினியம் என்பதால் அதன் அறுகோணம் சீக்கிரம் வழுக்கும். உள்வாயில் சரிவு இல்லாமல் தட்டையாகத் தேய்த்த சாக்கெட் இருந்தால் வழுக்காது.

கட்டாயம்: டாப் கேப்பையோ அடிப் போல்ட்டையோ தொடுவதற்கு முன் காற்றை முழுக்க இறக்குங்கள். வால்வை அழுத்தியபடியே ஃபோர்க்கை மெதுவாக நாலைந்து முறை அமுக்கி விடுங்கள், பிறகு மறுபடியும் அழுத்திப் பாருங்கள். காற்று போன பிறகும் ஃபோர்க் அமுங்கியே நின்று, கையால் இழுத்தால் ரப்பர் போலத் திரும்ப உள்ளே போனால், நெகட்டிவ் அறையில் அழுத்தம் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் சர்க்ளிப்பைக் கழற்றினால் சீல் ஹெட் (காற்று அறையின் அடியை மூடும் மூடி) துப்பாக்கிக் குண்டாகப் பாயும். கழற்றாதீர்கள், சஸ்பென்ஷன் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

## முதலில் செய்யவேண்டிய ஒரே சோதனை

காற்றை முழுக்க இறக்குங்கள். மேல்குழாயில் தூசி சீலுக்கு மேலே வெளியே தெரியும் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு கையால் அடிவரை அமுக்கி மறுபடியும் அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் உண்மையான ட்ராவல்.

* ஏர் ஸ்பிரிங் கிட் சொல்லும் ட்ராவல் அப்படியே வந்தால் உள்ளே எதுவும் இடிக்கவில்லை. இனி காற்றையும் அமைப்பையும் மட்டும் பாருங்கள்.
* பாதி வழியில் "ணங்" என்று கெட்டியாக நின்றால் ஏதோ ஒரு பாகம் தடுக்கிறது.
* போகப்போக மெத்தென்று இறுகி நின்றால் எண்ணெய் அதிகம், அல்லது கீழ்க் கால்களில் காற்று அடைபட்டிருக்கிறது.
* காற்றே இல்லாதபோதும் ஸ்பிரிங் மாதிரி திரும்பி எழுந்தால், இரு கால்களிலும் காயில் வைத்த ஃபோர்க்கில் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறீர்கள். மற்றது உள்ளேயே இருக்கிறது. அந்த மாடலுக்கு அப்படித்தான் கிட் வந்ததா என்று கையேட்டில் பாருங்கள்.

## கோளாறு 1: காற்று நிற்கவில்லை

பம்பை மறுபடி மாட்டும்போது மட்டும் குறைவாகக் காட்டுகிறது. இது லீக் இல்லை. பம்பின் குழாய் காலியாக இருக்கிறது, ஃபோர்க்கிலிருந்து காற்று அதற்குள் ஏறுகிறது, அதனால் சில பிஎஸ்ஐ குறைகிறது. கழற்றும்போது கேட்கும் "புஸ்" சத்தமும் பெரும்பாலும் அந்தக் குழாயில் இருந்த காற்றுதான். மீட்டரை நம்பாமல் சேக்கை அளங்கள், அதாவது நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் எவ்வளவு இறங்குகிறது என்பதை. நேற்று 24 மில்லிமீட்டர், இன்றும் 24 என்றால் எதுவும் கசியவில்லை.

குளிரில் குறைகிறது. வெப்பம் 20 டிகிரி செல்சியஸ் இறங்கினால் 80 பிஎஸ்ஐயில் சுமார் 6 பிஎஸ்ஐ தானாகவே குறையும். வெயிலில் அது திரும்பிவிடும். ஓட்டப்போகும் வெப்பநிலையில் அளப்பதே சரி.

சில நிமிடத்தில், அல்லது ஒரே ராத்திரியில் இறங்கிவிடுகிறது. இதுதான் உண்மையான லீக். சுலபமானதிலிருந்து தொடங்குங்கள்.

1. வால்வு வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர். குமிழ் வந்தால் கோரைக் கருவியால் இறுக்குங்கள். முரட்டுத்தனம் வேண்டாம், லேசாக இறுகினால் போதும். நிற்காவிட்டால் கோரை மாற்றுங்கள். கார் டயரில் இருக்கும் அதே ஷ்ரேடர் கோர்தான்.
2. டாப் கேப்பைச் சுற்றி சோப்புத் தண்ணீர். குமிழ் வந்தால் காற்றை இறக்கிவிட்டு டாப் கேப்பைக் கழற்றி அதன் ஓ-ரிங்கைப் பாருங்கள். வெட்டு, மணல், பழைய நூல் இழை ஏதாவது இருக்கும். இந்த ஓ-ரிங் காயில் காலத்தில் வெறும் தூசித் தடுப்பு, இப்போது அழுத்தத்தைத் தாங்கவேண்டியது. பழையதையே திரும்பப் போட்டிருந்தால் இங்கேதான் மாட்டுவீர்கள். மரையை இறுக்கும் முன் இடப்பக்கமாக அரைச் சுற்று சுற்றி, மரை உட்கார்ந்ததைக் கையால் உணர்ந்த பிறகே வலப்பக்கம் சுற்றுங்கள். ராக்‌ஷாக்ஸ் டாப் கேப்புகளில் 28 நியூட்டன் மீட்டர் வழக்கமான இறுக்கம். மற்ற கம்பெனிகளுக்கு அவரவர் கையேடு.
3. தூசி சீலின் உதட்டுக்குள் கேபிள் டையை மெதுவாக நுழையுங்கள். ஸ்க்ரூடிரைவர் கூடவே கூடாது, மேல்குழாயில் ஒரு கோடு விழுந்தால் அந்தக் குழாய்க்கு ஆயுசுக்கும் கோடுதான். பலமாகக் காற்று வந்தால், காற்று சீல் ஹெட்டைத் தாண்டிக் கீழ்க் கால்களுக்குள் போகிறது. அடுத்து சீல் ஹெட்டின் உள் ஓ-ரிங், வெளி ஓ-ரிங், ஏர் ஷாஃப்டின் (பிஸ்டனைத் தாங்கும் தண்டின்) பளபளப்பு மூன்றையும் பாருங்கள்.
4. எங்கும் குமிழ் இல்லை, கேபிள் டை வழியாகவும் காற்று இல்லை, ஆனால் பாசிட்டிவ் பக்கம் குறைந்து ஃபோர்க் நீளமும் குறைந்திருக்கிறது. அப்படியானால் காற்று வெளியே போகவே இல்லை. பிஸ்டன் சீலைத் தாண்டி நெகட்டிவ் அறைக்குப் போயிருக்கிறது. கோளாறு 2-க்குப் போங்கள்.

புது சீல் போட்ட பிறகும் அதே லீக். இங்கேதான் நின்று நிதானமாகப் பார்க்கவேண்டும். கிட்டை உள்ளே தள்ளும்போது பிஸ்டன் சீலும் சீல் ஹெட்டும் சர்க்ளிப் பள்ளத்தைத் தாண்டிப் போகின்றன. அந்தப் பள்ளத்தின் விளிம்பு கத்தி மாதிரி. கிரீஸ் போதாமல் நேராக அழுத்தினால் சீல் உதட்டில் ஒரு மெல்லிய துண்டு சீவிக்கொண்டு போய்விடும். கழற்றிய சீலை வெளிச்சத்தில் விரித்துச் சுற்றிப் பாருங்கள். நகக்கண் அளவு வெட்டு இருந்தாலும் அதுதான் காரணம். அடுத்த முறை சீலுக்கும் குழாய் வாய்க்கும் கிரீஸ் தடவி, லேசாகச் சாய்த்து ஒரு ஓரத்தை முதலில் உள்ளே விட்டு, ஆட்டி ஆட்டி நுழையுங்கள்.

சீலில் குறை இல்லையென்றால் குழாயின் உட்சுவர். காயில் அமுங்கும்போது வளைந்து சுவரை உரசும். வருடக்கணக்கில் ஓடிய ஃபோர்க்கில் உள்ளே நீளவாக்கில் கோடுகள் விழுந்திருக்கும். காயிலுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. காற்றுக்கோ ஒவ்வொரு கோடும் ஒரு வாய்க்கால். ஆல்கஹாலில் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள், பிறகு துணியைக் குச்சியில் சுற்றி மேலும் கீழும் ஓட்டுங்கள். ஓரிடத்தில் நூல் பிடித்து இழுத்தால் அது கோடு. எமரி தாள் போட்டு மெருகேற்ற நினைக்கவேண்டாம். குழாய் அங்கே அகலமாகி, லீக் இன்னும் கூடும். இதற்குக் கிரவுனோடு (இரு மேல்குழாய்களையும் மேலே இணைக்கும் பாகம்) சேர்ந்த மேல்குழாய் செட்டை மாற்றுவதுதான் தீர்வு. அதை மெக்கானிக் முன்னால் வைத்து, புது ஏர் ஃபோர்க்கோடு விலையை ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

மலிவான ஃபோர்க்குகளின் இரும்புக் குழாயில் இன்னொரு சிக்கல் உண்டு. தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்த குழாயாக இருந்தால் உள்ளே அந்தத் தையல் ஒரு வரம்பாக நிற்கும். எந்த சீலும் அதன்மேல் காற்றைப் பிடிக்காது. அப்படிப்பட்ட குழாயில் ஏர் கிட் போடுவது வீண் செலவு என்று தயக்கமில்லாமல் சொல்லலாம்.

## கோளாறு 2: ஃபோர்க் தானாக உள்ளே இழுத்துக்கொள்கிறது

100 மில்லிமீட்டர் ட்ராவல் இருக்கவேண்டிய இடத்தில் 85 தான் வெளியே தெரிகிறது, கையால் தூக்கினாலும் திரும்ப இறங்குகிறது.

காற்று இரண்டு அறைக்கும் சமமாகவில்லை. ஒரே வால்வு உள்ள வடிவமைப்பில் பிஸ்டன் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாண்டும்போதுதான் இரு அறைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஒரே மூச்சில் முழு அழுத்தமும் ஏற்றி, பிறகு அமுக்கிப் பார்க்காமல் விட்டால் சமமாகாது. தேவையான அழுத்தத்தில் பாதி ஏற்றி, மெதுவாகப் பத்து முறை அமுக்குங்கள். மீதியை ஏற்றி மறுபடி அமுக்குங்கள். மீட்டர் இறங்கும், திரும்ப நிரப்புங்கள். அழுத்தத்தைக் குறைக்கும்போதும் இதே நிதானம் வேண்டும். பாசிட்டிவ் காற்றை மட்டும் சடாரென்று விட்டால் நெகட்டிவ் அறையில் அதிகம் தங்கி ஃபோர்க்கை இழுத்துப் பிடிக்கும்.

இரண்டு வால்வு உள்ள கிட். நிரப்பும்போது மேலே உள்ள பாசிட்டிவ் முதலில், அடியில் உள்ள நெகட்டிவ் பிறகு. இறக்கும்போது நெகட்டிவ் முதலில். வரிசை மாறினால் இந்தக் கோளாறு நிச்சயம்.

கீழ்க் கால்களில் வெற்றிடம். ஃபோர்க் அமுங்கிய நிலையில் அடிப் போல்ட்டுகளை இறுக்கியிருந்தால், விரியும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி இழுக்கும். ஃபோர்க்கை முடிந்தவரை விரித்துப் பிடித்து, கேபிள் டையைச் சீலுக்குள் விடுங்கள். காற்று உள்ளே உறிஞ்சப்படும் சத்தம் கேட்டு ஃபோர்க் எழுந்தால் வேலை முடிந்தது. அடுத்த முறை முழுக்க விரிந்த நிலையில் போல்ட்டை இறுக்குங்கள்.

குழாயில் சமப்படுத்தும் பள்ளமே இல்லை. சில கிட்கள் அறைகளைச் சமப்படுத்த மேல்குழாயின் உட்சுவரில் உள்ள ஒரு சிறு பள்ளத்தை நம்பியிருக்கின்றன. காயிலுக்கென்றே செய்த குழாயில் அது இருக்காது. அப்போது எத்தனை முறை அமுக்கினாலும் சமமாகாது. தனக்கென்று நெகட்டிவ் வால்வோ நெகட்டிவ் காயிலோ உள்ள கிட்தான் அங்கே பொருந்தும். மேல்குழாயின் விட்டம் 32, 35 மில்லிமீட்டர் என்று ஒத்துப்போனால் போதும் என்று வாங்கிவிடாதீர்கள். மாடல், தயாரித்த வருடம், ட்ராவல் மூன்றும் ஒத்துப்போகவேண்டும்.

பிஸ்டன் சீல் கசிகிறது. மேலே சொன்ன எல்லாம் செய்தும், சரியாகி, அடுத்த நாள் மறுபடி இறங்கினால் பிஸ்டன் சீலை மாற்றுங்கள். காற்றை இறக்கியும் அமுங்கியே நிற்கும் ஃபோர்க்கைத் திறக்கவேண்டாம் என்று மேலே சொன்ன எச்சரிக்கை இங்கேதான் உயிர் காக்கும்.

## கோளாறு 3: முழு ட்ராவல் வரவில்லை

முதல் சோதனையில் காற்றில்லாமல் முழுக்கப் போனதா? போனால் அழுத்தம் அதிகம், அல்லது டோக்கன் (காற்று அறையின் கொள்ளளவைக் குறைக்கப் போடும் துண்டு) அதிகம். சேக்கை அளந்து 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 5 பிஎஸ்ஐ குறையுங்கள். 120 மில்லிமீட்டர் ட்ராவலுக்கு 20 சதவீதம் என்றால் 24. சேக் சரியாக இருந்தும் கடைசி 20 மில்லிமீட்டர் வராவிட்டால் ஒரு டோக்கனை எடுங்கள். ஆனால் ஒவ்வொரு சவாரியிலும் அடி முட்டவேண்டும் என்று எதிர்பார்க்கவேண்டாம். கடைசி சென்டிமீட்டர் பெரிய அடிக்காக ஒதுக்கியது.

போகவில்லையென்றால் வரிசையாக:

* தூசி சீலைக் கேபிள் டையால் திறந்து காற்றை வெளியேற்றுங்கள். சமவெளியில் கோத்துவிட்டு மலை ஏறினால் உள்ளே அடைபட்ட காற்று இறுகியிருக்கும்.
* கீழ்க் கால் எண்ணெய். பல மாடல்களுக்கு ஒரு காலுக்கு 5 முதல் 15 மில்லிலிட்டர் போதும். கூடுதலாக ஊற்றினால் நல்லது என்று 40, 50 ஊற்றியவர்களின் ஃபோர்க் பாதியில் நின்றுவிடும். காற்று சுருங்கும், எண்ணெய் சுருங்காது.
* பாசிட்டிவ் அறையில் கிரீஸ் கட்டி. ஒரு குவியல் கிரீஸ் போட்டால் அது ஒரு டோக்கன் வேலை செய்யும்.
* காயிலோடு வந்த பிளாஸ்டிக் ஸ்பேசர், பிரீலோட் துண்டு, பழைய ரப்பர் பஃபர். கழற்றிய பாகங்களைக் கையேட்டுப் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஒன்று குறைந்தால் அது உள்ளேதான் இருக்கிறது.
* எல்லாம் சரி, ஆனாலும் நிற்கிறதென்றால் டேம்பர் (ஃபோர்க் அமுங்கி எழும் வேகத்தை எண்ணெயால் கட்டுப்படுத்தும் பாகம்) பக்கம். ஏர் பக்கத்தின் அடிப் போல்ட்டைக் கழற்றி, டேம்பர் கால் மட்டும் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். அங்கே நின்றால் மெக்கானிக்.

## கோளாறு 4: சட்டென்று அடியில் போய் முட்டுகிறது, பிரேக் பிடித்தால் மூக்கு குத்துகிறது

காயில் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே கணக்கில் கெட்டியாகும். ஏர் அப்படி இல்லை. நடுவில் தளர்ந்து கடைசியில் விறைக்கும். அதனால் சேக் சரியாக வைத்தும் நடுப்பகுதி தொய்வாகத் தோன்றலாம். முதலில் சேக்கை 15 முதல் 20 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள், பிறகு ஓட்டிப் பாருங்கள். சேக் சரி, ஆனால் கடைசியில் மட்டும் முட்டுகிறதென்றால் டோக்கன் ஒன்று கூட்டுங்கள், இரண்டாக வேண்டாம். டோக்கன் சேக்கை அதிகம் தொடாது, கடைசி விறைப்பை மட்டும் மாற்றும். அழுத்தத்தைக் கூட்டி முட்டுவதை நிறுத்தப் பார்த்தால் சின்னக் கற்கள் எல்லாம் கைக்கு வரும்.

## கோளாறு 5: மேலே எழும்போது "டக்" சத்தம்

நெகட்டிவ் அறையில் காற்று இல்லாவிட்டால் பிஸ்டன் சீல் ஹெட்டில் போய் அடிக்கும். கோளாறு 2-இல் சொன்னபடி சமப்படுத்துங்கள். சத்தம் போகாவிட்டால் ரீபவுண்டை, அதாவது ஃபோர்க் திரும்பி எழும் வேகத்தை, இரண்டு கிளிக் மெதுவாக்குங்கள். அடுத்து அடிப் போல்ட் இறுக்கம், அடுத்து டாப்-அவுட் ரப்பர் (முழுக்க விரியும்போது அடியைத் தாங்குவது). கிட் மாற்றும்போது காயில் ஷாஃப்டோடு சேர்த்து அந்த ரப்பரையும் எடுத்துவிட்டுத் திரும்பப் போடாமல் விடுவது சகஜம். சத்தம் மேலே, கிரவுன் பக்கம் இருந்து வந்தால் அது ஏர் ஸ்பிரிங் விஷயமே இல்லை. முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்பின் ஆட்டிப் பாருங்கள். கிரவுனில் குழாய் கோத்த இடத்தில் "கிர்" என்றால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

## கோளாறு 6: சின்ன மேடுபள்ளம் எல்லாம் கைக்கு வருகிறது

காயிலில் இல்லாத சீல் உராய்வு ஏரில் உண்டு, அதனால் ஓரளவு இயல்பே. அதற்கு மேல் இருந்தால் முன் ஆக்ஸிலைத் தளர்த்தி ஃபோர்க்கை அமுக்கிப் பாருங்கள். சட்டென்று வழுவழுப்பாக இறங்கினால் ஆக்ஸில் இரு கால்களையும் உள்ளே இழுத்தோ வெளியே தள்ளியோ பிடித்திருக்கிறது. தளர்த்தி, நாலைந்து முறை அமுக்கி, கால்கள் தாமாக நேராக நின்றதும் இறுக்குங்கள். ஒரு பைசா செலவில்லாத வேலை, பலரும் கடைசியில்தான் இதைப் பார்க்கிறார்கள்.

மாறாவிட்டால் தூசி சீலுக்குக் கீழே உள்ள ஸ்பாஞ்சு வளையங்கள். காய்ந்திருந்தால் கழுவி, சஸ்பென்ஷன் எண்ணெயில் ஊறவைத்துத் திரும்பப் போடுங்கள். வெளியிலிருந்து துரு நீக்கும் ஸ்பிரே அடிப்பது சீலில் இருக்கும் கொழுப்பைக் கழுவிவிடும். மேல்குழாய் வழுக்கி ஓடும் புஷ் வளையம் தேய்ந்து முன்பின் ஆட்டம் தெரிந்தால் அதை மாற்றத் தனி அச்சுக் கருவி வேண்டும், வீட்டில் முயலவேண்டாம்.

## கோளாறு 7: குதிரை மாதிரி எழும்புகிறது

அடிவரை அமுங்கிய ஏர் ஸ்பிரிங் காயிலைவிட வேகமாகத் திருப்பித் தள்ளும். பழைய ரீபவுண்ட் கிளிக் இனி செல்லாது. முழுக்க மூடி, திறந்துகொண்டே வாருங்கள். கைப்பிடியை அழுத்திச் சட்டென்று விட்டால் முன் சக்கரம் தரையை விட்டு எழாமல் இருக்கும் இடம் தொடக்கப் புள்ளி. முழுக்க மூடியும் எழும்பினால், அந்த டேம்பர் காயிலுக்கென்று அமைத்தது. அடர்த்தியான எண்ணெய் மாற்றுவது அல்லது டேம்பரையே மாற்றுவது மெக்கானிக் வேலை.

## கோளாறு 8: அடியில் எண்ணெய் சொட்டுகிறது, போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது

சொட்டினால் போல்ட்டின் நசுங்கும் வாஷரை மாற்றுங்கள், பழையதைத் திருப்பிப் போடாதீர்கள். ராக்‌ஷாக்ஸ் அடிப் போல்ட்டுக்கு 7.3 நியூட்டன் மீட்டர்.

போல்ட்டோடு ஷாஃப்டும் சேர்ந்து சுற்றினால் ஷாஃப்ட் காலின் அடியில் அழுந்தி உட்காரவில்லை. காற்றில்லாத நிலையில் கீழ்க் கால்களை மேல்நோக்கி அழுத்திப் பிடித்து, போல்ட்டைக் கையால் தொடங்கி, பிறகு இறுக்குங்கள். இம்பாக்ட் கன் போட்டால் ஷாஃப்டின் உள்மரை போய்விடும். மரை போன ஷாஃப்ட் என்றால் ஏர் ஷாஃப்ட் முழுவதும் புதிது.

சர்க்ளிப்பைத் திரும்பப் போடும்போது கூர் விளிம்பு உங்கள் பக்கம் பார்த்திருக்கட்டும். மாட்டிய பிறகு பிளையரால் அதைப் பள்ளத்துக்குள் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. ஓரிடத்தில் சிக்கினால் காற்று ஏற்றாதீர்கள், கழற்றி மறுபடி போடுங்கள்.